சாலை போட்டால் மாவட்டம் வளர்ந்துவிடுமா?

புதிய நெடுஞ்சாலை அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதே பேச்சு மேடையேறுகிறது. சாலை வந்தால் தொழிற்சாலை வரும், தொழிற்சாலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் பின்தங்கிய மாவட்டம் தலைநிமிரும் என்கிறார்கள். ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி பல மேடைகளில் எடுத்துக்காட்டும் ஒரு கூற்று உண்டு. அமெரிக்கா பணக்கார நாடு என்பதால் அங்கே சாலைகள் நன்றாக இருக்கவில்லை, சாலைகள் நன்றாக இருப்பதால்தான் அது பணக்கார நாடானது என்பது அதன் சாரம். ஜான் கென்னடி சொன்னதாக அவர் குறிப்பிடுவார். 2018-ல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலை அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டிலும் இதே தர்க்கம்தான் முன்வைக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்கள், 277 கிலோமீட்டர், ஏறத்தாழ 10,000 கோடி ரூபாய். வயலில் அளவைக் கல் நடப்பட்டதைப் பார்த்துக் கலங்கி நின்ற விவசாயிகளிடம், உங்கள் மாவட்டம் வளரத்தானே இது என்று சொல்லப்பட்டது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது; 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் முக்கியப் பகுதியை மாற்றியது. நீதிமன்றங்களில் நடந்த வாதம் நில எடுப்பின் நடைமுறை பற்றியது, சுற்றுச்சூழல் அனுமதி பற்றியது. சாலை போட்டால் மாவட்டம் வளரும் என்ற அடிப்படைக் கூற்றை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. எதிர்த்தவர்களில் பலரும்கூட, வளர்ச்சி வரட்டும், அதற்கு எங்கள் நிலம்தானா கிடைத்தது என்றே கேட்டார்கள். அந்தக் கூற்றே தவறு என்கிறேன். ஒரு வட்டாரத்தில் ஏற்கெனவே இருக்கும் தொழிலையும் திறனையும் முதலையும் சாலை பெரிதாக்கலாம்; இல்லாததை அது உண்டாக்குவதில்லை. பல இடங்களில், இருப்பதையும் வெளியே கொண்டுபோய்விடுகிறது.

முதலில் அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். மாநிலங்களை இணைக்கும் அந்நாட்டின் புகழ்பெற்ற நெடுஞ்சாலைத் திட்டத்துக்கான சட்டம் 1956-ல், ஐசனோவர் காலத்தில்தான் நிறைவேறியது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்கா உலகின் மிகப் பெரிய பொருளாதாரமாகிவிட்டது. பணம் முன்னால் வந்தது, அந்த அகன்ற சாலைகள் பின்னால் வந்தன. சாலை இல்லாவிட்டால் என்ன, அதற்கு முன்பே ரயில் இருந்ததே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத்தான் பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஃபோகல் 1964-ல் விடை தேடினார். 1890-ல் ரயிலே இல்லாமல் கால்வாய்களையும் ஆறுகளையும் வண்டிகளையும் மட்டும் நம்பியிருந்தால் அமெரிக்கா எவ்வளவு இழந்திருக்கும் என்று கணக்கிட்டார். மொத்தத் தேசிய உற்பத்தியில் 5 சதவீதத்துக்கும் குறைவு என்று விடை வந்தது. அந்தக் கணக்கைப் பிறகு பலர் விமர்சித்தார்கள், திருத்தினார்கள், இழப்பு இன்னும் கூடுதலாக இருந்திருக்கும் என்றார்கள். ஆனாலும் ரயில்தான் அமெரிக்காவை உண்டாக்கியது என்ற பழைய நம்பிக்கை பழைய வலுவோடு திரும்பவே இல்லை. ஃபோகல் 1993-ல் நோபல் பரிசு பெற்றார்.

அமெரிக்கா வரை போகவும் தேவையில்லை. எட்டு வழிச் சாலை கடக்க இருந்த தர்மபுரி மாவட்டத்தின் வழியாக ஏற்கெனவே ஒரு பெரும் சாலை ஓடுகிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44 அது. பெங்களூரிலிருந்து கிளம்பும் வண்டி அதே சாலையில் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, தொப்பூர் கணவாய் என்று இறங்கிச் சேலம் சேர்கிறது. ஓசூரும் தர்மபுரியும் ஒரே சாலையில், 100 கிலோமீட்டர் இடைவெளிக்குள் இருக்கும் இரண்டு ஊர்கள். ஓசூர் மோட்டார் வாகனமும் கைக்கடிகாரமும் இயந்திர உதிரிபாகங்களும் செய்யும் தொழில் நகரம். தர்மபுரியோ கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூருக்கும் ஆள் அனுப்பும் மாவட்டம். சாலைதான் காரணம் என்றால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது? ஓசூரில் 1970களில் சிப்காட் நிலம் ஒதுக்கியது, பின்தங்கிய பகுதிக்கான சலுகைகள் கிடைத்தன, மின்சாரம் வந்தது, 40 கிலோமீட்டரில் பெங்களூரின் பொதுத்துறை ஆலைகளும் அவற்றில் பழகிய தொழிலாளர்களும் பட்டறைகளும் இருந்தன. டிவிஎஸ் நிறுவனத்தின் மொபெட் 1980-ல் அங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும் அதே காலத்தில் வந்தது, டைட்டன் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அப்போது அந்தச் சாலை எதிரெதிரே லாரிகள் முட்டிக்கொள்ளும் இருவழிச் சாலை. நான்கு வழி ஆனது அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பிறகு.

ஓசூருக்குப் பெங்களூர் இருக்கிறது, தர்மபுரிக்கு இல்லை என்று சொல்வார்கள். உண்மை, என் வாதமும் அதுவேதான். தீர்மானித்தது அருகில் இருந்த தொழில் அறிவும் அரசு எடுத்த தொழில் முடிவும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2003-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்தது அன்றைய ஒன்றுபட்ட தர்மபுரி மாவட்டம். ஓசூரும் அப்போது அதற்குள்தான் இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது 2004-ல். ஒரு முனையில் இருந்த தொழில் நகரத்தின் செல்வம்கூட அதே மாவட்டத்தின் பென்னாகரத்துக்கும் அரூருக்கும் இறங்கி வரவில்லை. அப்படியிருக்க, அரூர் வட்டாரத்தைத் தொட்டு மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலத்துக்குப் பாயும் ஒரு சாலை அந்த வட்டாரத்தை உயர்த்திவிடும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

தர்மபுரி விவசாயியின் உண்மையான குறை எது என்பதைப் பாலக்கோடு தக்காளிச் சந்தையில் பார்க்கலாம். விளைச்சல் கூடும் மாதங்களில் கிலோ சில ரூபாய்க்கு இறங்கிவிடும். பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாது. பழம் செடியிலேயே அழுகும், அல்லது பெட்டி பெட்டியாகச் சாலையோரத்தில் கொட்டப்படும். கொட்டப்படும் அந்த இடமே நல்ல தார்ச்சாலையின் ஓரம்தான். பாலக்கோட்டில் மாலையில் ஏற்றும் தக்காளி விடிவதற்குள் கோயம்பேடு ஏலத்துக்குப் போய்விடுகிறது. பயணம் இரண்டு மணி நேரம் குறைந்தால் லாரி இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கும்; விலை நிர்ணயமாகும் நேரம் மாறாது, விலையும் மாறாது. அந்த விவசாயிக்கு வேண்டியது சரக்கை நான்கு நாள் தாங்கும் குளிர்பதனக் கிடங்கு, விலை விழும்போது வாங்கிச் சாறாகவும் கூழாகவும் மாற்றும் ஆலை, கமிஷன் மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்காமல் இருக்க ஒரு கடன் வசதி. எட்டு வழிச் சாலையின் செலவைக் கிலோமீட்டருக்குப் பிரித்தால் 36 கோடி ரூபாய் வருகிறது. ஒரே ஒரு கிலோமீட்டரின் பணத்தில் மாவட்டத்துக்குத் தேவையான பல கிடங்குகளைக் கட்டிவிடலாம்.

தமிழ்நாட்டின் தொழில் வரலாறு சாலைவாதிகளுக்கு எதிரான சாட்சியங்களால் நிறைந்தது. நாமக்கல் லாரி பாடி கட்டுவதிலும் முட்டையிலும் நாடறிந்த ஊர். அந்த ஊருக்குப் பயணிகள் ரயில் வந்தது 2013-ல், சேலம்–கரூர் பாதை திறந்தபோதுதான். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு போட்டது தங்க நாற்கரச் சாலைக்காகக் காத்திருந்து அல்ல. சிவகாசியின் தீப்பெட்டியும் அச்சும், திருப்பூரின் பின்னலாடையும் குறுகிய சாலைகளில், நெரிசலில், லெவல் கிராசிங்கில் காத்து நின்று வளர்ந்தவை. வறண்ட பூமி, விவசாயத்திலிருந்து வெளியேறிய முதல், உறவுக்குள் சுழன்ற கடன், பட்டறையில் பழகிய கை ஆகியவை அவற்றை உண்டாக்கின. தொழில் பெருகிய பிறகு சரக்கு நெருக்கடி சாலையைக் கேட்டு வாங்கியது. அந்த வரிசையைத் தலைகீழாக்கி, சாலையை முதலில் போட்டுவிட்டுத் தொழிலுக்காகக் காத்திருக்கும் காட்சியை மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச் சாலையில் பார்க்கலாம். ஒரு முனையில் பெருநகரம், மறுமுனையில் துறைமுகம். இடையில் தொழில் வழித்தடம் என்று பேசப்பட்ட நிலத்தில், பெரும்பகுதி தூரத்துக்குச் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது.

சாலை இருபுறமும் ஓடும் என்பது எளிய உண்மை. வளர்ச்சிப் பேச்சில் அதுதான் முதலில் மறக்கப்படுகிறது. சிற்றூரின் சரக்கு நகரத்துக்குப் போக எவ்வளவு எளிதாகிறதோ, நகரத்துப் பெரிய ஆலையின் சரக்கு சிற்றூருக்கு வருவதும் அவ்வளவு எளிதாகிறது. இதுவரை தூரம் என்ற வேலிக்குள் பிழைத்திருந்த உள்ளூர் சோப்பு, மிட்டாய், செங்கல், தறி எல்லாம் ஒரே நாளில் பெருநிறுவனத்தோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. சீனா 1990களிலிருந்து கட்டிய தேசிய நெடுஞ்சாலை வலைப்பின்னலைப் பொருளாதார ஆய்வாளர் பென் ஃபேபர் ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார். பெருநகரங்களை இணைக்கப் போட்ட சாலை, வழியில் இருந்ததால் மட்டும் தொட்டுச் சென்ற சிறு வட்டாரங்களை, சாலையே தொடாத வட்டாரங்களோடு ஒப்பிட்டார். தொட்டுச் சென்ற இடங்களில்தான் வளர்ச்சி குறைந்திருந்தது. தொழில் உற்பத்தியின் சரிவு அதற்குக் காரணமாக இருந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, நான்சி சியான் மூவரும் சீனாவைப் பற்றியே செய்த இன்னோர் ஆய்வு சற்று மென்மையானது. போக்குவரத்துப் பாதைக்கு அருகில் இருப்பதால் தனிநபர் உற்பத்தியின் அளவு ஓரளவு கூடுதலாக இருந்தது. ஆனால் அது வளரும் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உலகமே வியந்து பார்த்த சாலைகளைப் போட்ட நாட்டின் கதை இது.

ஈழத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போருக்குப் பின் ஏ9 வீதி செப்பனிடப்பட்டது, 2014-ல் யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. தெற்கின் பண்டங்களும் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் முகவர்களும் அந்த வழியே வேகமாக வந்தார்கள். வடக்கின் உற்பத்தி அதே வேகத்தில் தெற்கே போகவில்லை. கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018-ல் அரசாங்கமே நுண்கடன் தள்ளுபடி அறிவிக்க வேண்டியதாயிற்று. வீதி வேண்டாம் என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த பாதையின் அருமை அவர்களுக்குத் தெரியும். வீதியைத் திறந்ததோடு மீட்சி தானாக வந்துவிடும் என்று இருந்ததுதான் பிழை. தெற்கிலும் இதே பிழை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அம்பாந்தோட்டையில் 2010-ல் துறைமுகம், 2013-ல் மத்தள விமான நிலையம், 2020-ல் அதிவேக வீதியின் நீட்சி என்று எல்லாம் கடனில் எழுந்தன. விமானங்கள் வராத மத்தளயின் சரக்குக் கூடத்தில் 2015-ல் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. துறைமுகம் 2017-ல் 99 ஆண்டு குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது.

எதிர்த்தரப்பின் வலுவான ஆதாரத்துக்கு வருகிறேன். தங்க நாற்கரச் சாலையை ஆராய்ந்த எஜாஸ் கனி, ஆர்த்தி குரோவர் கோஸ்வாமி, வில்லியம் கெர் ஆகியோரின் ஆய்வு 2016-ல் வெளியானது. சாலையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்த மாவட்டங்களில் உற்பத்தித் தொழில் கணிசமாகப் பெருகியது என்று அது காட்டுகிறது. இது நேர்மையான ஆய்வு, இதன் முடிவை நான் மறுக்கவில்லை. அதை முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்கிறேன். 10 முதல் 50 கிலோமீட்டர் தொலைவில் இருந்த மாவட்டங்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. பலன் பெற்றவற்றிலும் முன்னணியில் நின்றவை ஏற்கெனவே ஓரளவு மக்களும் தொழிலும் நிறைந்த நடுத்தர மாவட்டங்கள். மேலும், நாற்கரச் சாலையின் பெரும்பகுதி பழைய சாலையை அகலப்படுத்தியது. நூறாண்டுகளாகச் சந்தையும் பட்டறையும் லாரி ஷெட்டும் முளைத்திருந்த சாலை அது. ஆலை தன் வாசலை அந்தச் சாலையை நோக்கியே திறந்துகொள்ளலாம். எட்டு வழிச் சாலை வயல்களின் நடுவே புதிதாக வெட்டப்படுவது. குறிப்பிட்ட சில சந்திப்புகளைத் தவிர வேறெங்கும் ஏறவோ இறங்கவோ முடியாது. போளூர்ப் பக்கத்திலோ செங்கம் பக்கத்திலோ இருக்கும் ஒரு கிராமத்துக்கு அந்தச் சாலை தன் வயலையும் வீட்டையும் பிரிக்கும் மேடு. அதில் ஏற அவர்கள் பல கிலோமீட்டர் போக வேண்டும், ஏறினால் சுங்கம் கட்ட வேண்டும். ஒரு சாலை எவ்வளவு விரைவானதோ, இடையிலுள்ள ஊர்களுக்கு அது அவ்வளவு குறைவாகவே பயன்படும். விரைவு என்பதே இடையில் நிற்காமல் போவதுதானே. நாற்கரச் சாலையின் ஆய்வைக் காட்டி எட்டு வழிச் சாலைக்கு வாதாடுவது பொருந்தாது.

நிலத்தின் விலை ஏறுகிறதே, அது வளர்ச்சி இல்லையா என்பது அடுத்த கேள்வி. சாலை அறிவிப்பு வந்த சில மாதங்களில் வயல்களில் வண்ணக் கொடிகள் பறக்கும், மனைக் கற்கள் வரிசையாக நடப்படும், முகப்பில் ஒரு வளைவு எழும்பும், உள்ளே முள்ளும் புல்லும் மண்டும். பத்தாண்டு கழிந்தும் அங்கே வீடு வராது. விலை ஏறியதால் லாபம் பார்த்தவர் பெரும்பாலும் சாலை எங்கே போகும் என்பதை முன்கூட்டி அறிந்து வாங்கியவர். முன்பே விற்றுவிட்ட சிறு விவசாயிக்கு அதில் பங்கு இல்லை, நிலமே இல்லாத கூலிக்காரருக்கு எதுவும் இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பணம் மாறியிருக்கிறதே தவிர ஒரு மூட்டை நெல்லோ ஒரு கஜம் துணியோ கூடுதலாக உற்பத்தியாகவில்லை. உண்மையாகவே தொழில் தொடங்க நினைக்கும் உள்ளூர்க்காரருக்கு இடம் எட்டாக் கனியாகவும் ஆகிறது.

வரலாற்றை வைத்து மறுப்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் ஆட்சி போட்ட ரயில் பாதைகள் அவை சென்ற மாவட்டங்களின் வேளாண் வருமானத்தைச் சுமார் 16 சதவீதம் உயர்த்தின என்று பொருளாதார ஆய்வாளர் டேவ் டொனால்ட்சன் கணக்கிட்டிருக்கிறார். இருக்கலாம். அதே சேலத்தை 1860களின் தொடக்கத்திலேயே சென்னை–பேப்பூர் ரயில் பாதை இணைத்துவிட்டது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871-க்கும் 1881-க்கும் இடையில் அதன் மக்கள்தொகை குறைந்தது. ரயில் தானியம் கொண்டுவந்தது, பலரைக் காப்பாற்றவும் செய்தது. ஆனால் வாங்கக் கூலி இல்லாதவன் வீட்டுக்கு அந்தத் தானியம் போகவில்லை. உலகின் மிகப் பெரிய ரயில் வலைப்பின்னல்களில் ஒன்றைப் பெற்ற இந்தியாவின் தனிநபர் வருமானம் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் கிட்டத்தட்ட அசையவே இல்லை. ரயிலுக்குக் கொட்டும் பணத்தைப் பாசனத்துக்குச் செலவிடுங்கள் என்று பொருளாதார வரலாற்றாசிரியர் ரொமேஷ் சந்திர தத் அன்றே வாதாடினார்.

சாலை மட்டும் போதும் என்று யார் சொன்னது, அது ஓர் அடிப்படைத் தேவை, மற்றவை பின்னால் வரும் என்று சிலர் நிதானமாகச் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படைத் தேவை என்றால் அது இல்லாத இடத்தில்தான் தேவை. சென்னையிலிருந்து சேலம் போக உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு நெடுஞ்சாலை இருக்கிறது, கிருஷ்ணகிரி வழியாக இன்னொன்று இருக்கிறது. 2018-ல் உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையின் பல புறவழிகள் இருவழியாகவே விடப்பட்டிருந்தன; விபத்துகள் அங்கேதான் நடந்தன. அவற்றை அகலப்படுத்தும் வேலையை விட்டுவிட்டு மூன்றாவதாக ஒரு சாலையை அடிப்படைத் தேவை என்று எப்படிச் சொல்வது? மற்றவை பின்னால் வரும் என்பதும் வெறும் நம்பிக்கை. பணம் அளவானது. சாலைக்குப் போன பணம் கிடங்குக்கும் தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் ஏரித் தூர்வாரலுக்கும் திரும்பி வராது.

சிறு சாலைகளைப் பற்றிய என் நிலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சாலைக்கே எதிரி என்ற பட்டம் இந்த வாதத்துக்கு எளிதில் கிடைத்துவிடும். 2000-ல் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தைச் சாம் ஆஷர், பால் நோவோசாட் இருவரும் நாடு முழுவதும் ஆராய்ந்து 2020-ல் எழுதினார்கள். சாலை வந்து நான்கு ஆண்டுகளில் மக்கள் விவசாயக் கூலியை விட்டு வெளி வேலைக்குப் போனார்கள். ஊரின் விளைச்சலிலும் வருமானத்திலும் சொத்திலும் பெரிய மாற்றம் இல்லை, ஊருக்குள் தொழில் மிகச் சிறிதளவே பெருகியது. ஆகவே கிராமச் சாலையும் மாயம் செய்யாது. ஆனாலும் அது தன் வேலையைச் செய்கிறது. பிரசவத்துக்கு வண்டி வரும், பிள்ளை மேல்நிலைப் பள்ளிக்குப் போகும், கூலிக்காரர் நல்ல கூலி தேடிப் போய் இரவு வீடு திரும்பலாம். தமிழ்நாட்டில் அந்தச் சாலையின் மேல் ஒரு நகரப் பேருந்தோ மினி பஸ்ஸோ ஓடியதால்தான் பலன் கூடியது. 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, பேருந்துக் காசுக்குப் பயந்து அருகிலேயே குறைந்த கூலிக்கு வேலை செய்த பெண்களுக்குத் தொலைவில் உள்ள வேலையும் கைக்கெட்டியது. ஜவ்வாது மலைக் கிராமங்களில் பேருந்து ஏற இன்றும் நெடுந்தொலைவு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தை வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் அங்கே போக வேண்டும்.

புதிய சாலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் உங்கள் ஊரில் நடந்தால், இழப்பீடு எவ்வளவு என்ற கேள்வியோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் மாவட்டத்தின் எந்த விளைபொருள், எந்தத் தொழில் இப்போது சாலை இல்லாமல் நஷ்டப்படுகிறது, கணக்கைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். இதற்கு முன் இதே மாவட்டத்தில் போட்ட நான்கு வழிச் சாலையால் பத்தாண்டில் எத்தனை ஆலைகள் வந்தன, எத்தனை உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைத்தது என்ற அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை வளர்ச்சி என்ற சொல்லை நம்பி ஒரு சென்ட் நிலத்துக்கும் சம்மதம் தராதீர்கள்.